ஆர்டர் எடுப்பவர் யார்? திருப்பூரின் ஆவணங்களும் தன்னார்வலர் உழைப்பும்

அருங்காட்சியகங்களும் ஆவணக் காப்பகங்களும் தங்கள் வேலையில் ஒரு பகுதியை இணையம் வழியாகப் பொதுமக்களிடம் ஒப்படைக்கத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. கிறுக்கலான பழைய கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்வது, செய்தித்தாளில் கணினி தப்பாகப் படித்த வரிகளைத் திருத்துவது, ஒரு புகைப்படத்தில் இருப்பவர் யார், எந்தத் தெரு, எந்த ஆண்டு என்று எழுதி வைப்பது என இந்த வேலை பல வகைப்படும். செய்பவர்களுக்குக் கூலி கிடையாது. நேரமும் ஆர்வமும் இருப்பவர்கள் வீட்டிலிருந்தே செய்கிறார்கள். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். ஊர் கூடித் தேர் இழுத்தால் காசு செலவில்லாமல் காரியம் முடியும் என்பது ஒரு கட்சி. விஷயம் தெரியாதவர்கள் கையில் ஆவணத்தைக் கொடுத்தால் பிழைதான் பெருகும் என்பது இன்னொன்று. இரண்டு கட்சியும் ஆட்களை மட்டுமே பார்க்கின்றன. அவர்கள் செய்து கொடுத்ததை வாங்கிச் சரிபார்த்து, பத்திரப்படுத்தி, பத்தாண்டு கழித்தும் அதற்குப் பதில் சொல்லப்போவது யார் என்று கேட்பதில்லை. இந்த முறை வென்ற இடங்களையும் தடுக்கி நின்ற இடங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், வேறுபாடு அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலில்தான் இருக்கிறது. தன்னார்வலர் உழைப்பு ஒரு நிறுவனத்துக்குப் பதிலி ஆகாது. நிறுவனம் பொறுப்பேற்று நிற்கும் இடத்தில்தான் அந்த உழைப்புக்குப் பலன் உண்டு. தன் தொழில் வரலாறு கண்முன்னே சிதறிக்கொண்டிருக்கும் திருப்பூர், இதை இப்போதே கவனிக்க வேண்டிய ஊர்.

வேலையைப் பிரித்துக் கொடுத்து வாங்குவதைத் திருப்பூருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு டி-சர்ட்டுக்கான நூல் மில்லிலிருந்து வரும். நிட்டிங் ஓரிடம், சாயம் ஏற்றுவது இன்னோரிடம், காம்பாக்டிங் வேறிடம். பிரிண்டிங், எம்பிராய்டரி எல்லாம் தனித்தனிப் பட்டறைகள். கட்டிங் முடிந்த துணி பவர் டேபிளுக்குப் போய்த் தைக்கப்பட்டு, செக்கிங், அயர்ன், பேக்கிங் கடந்து பெட்டியில் ஏறும். இவற்றில் பெரும்பகுதி ஜாப் ஒர்க், அதாவது வெளிப் பட்டறைகள் கூலிக்குச் செய்து தருவது. 1970களின் இறுதியில் இத்தாலியிலிருந்து வந்த வெரோனா என்ற வணிகர் இங்கே சரக்கு எடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஏற்பாடு வளர்ந்து, 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதியைத் தாங்கி நின்றது. இது ஓடுவதற்கு வேலை பிரிந்து கிடப்பது மட்டும் காரணமல்ல. எத்தனை கை மாறினாலும் ஆர்டர் எடுத்தவர் ஒருவர் இருக்கிறார். ஓட்டை விழுந்த பீஸ், திட்டுத்திட்டாகச் சாயம் பிடித்த துணி, அளவு தவறிய கழுத்து, எதுவானாலும் வாங்குபவர் அவரைத்தான் கேட்பார். நூலுக்கு முன்பணம் போடுவது அவர். செக்கிங் மேசைக்கு ஆள் வைப்பது அவர். ஷிப்மென்ட் தவறினால் கை சுடுவதும் அவருக்குத்தான். ஆவணப் பணியில் இதே இடத்தில் இருப்பவரிடம் நான்கு பொறுப்புகள் உண்டு: மூல ஆவணத்தை வைத்திருப்பது, அதை வெளியிடும் உரிமையைத் தீர்த்து வைப்பது, வந்த வேலையைச் சரிபார்ப்பது, முடிந்ததைக் காலத்துக்கும் பராமரிப்பது. உலகில் பேர் வாங்கிய தன்னார்வத் திட்டங்கள் பலவற்றில் இந்த நான்கையும் ஒரு நிறுவனம் கூலி கொடுத்துச் செய்திருக்கிறது.

முதலில் சரிபார்ப்பு. ஜெரமி பெந்தம் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1832இல் இறந்தபோது விட்டுச்சென்ற கையெழுத்துத் தாள்கள் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பல்லாயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றைப் படியெடுக்கப் பொதுமக்களை அழைக்கும் திட்டம் 2010 செப்டம்பரில் தொடங்கியது. முதல் ஆறு மாதத்தில் பதிவு செய்துகொண்டவர்கள் 1,207 பேர். அவர்களில் ஒரு தாளையாவது படியெடுத்தவர்கள் 259 பேர்தான். அதிலும் பெரும்பங்கை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே செய்தார்கள். ஒவ்வொரு படியையும் திட்டப் பணியாளர்கள் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஏற்றார்கள். திட்டத்தை நடத்தியவர்களே பின்னர் கணக்குப் போட்டு ஓர் உண்மையை வெளியிட்டார்கள். மேற்பார்வைக்கும் திருத்தத்துக்கும் செலவிட்ட நேரத்தில் அந்தப் பணியாளர்கள் தாங்களே உட்கார்ந்து படியெடுத்திருந்தால், தன்னார்வலர்கள் முடித்ததைவிட அதிகம் முடித்திருப்பார்கள். செலவு மிச்சமாகும் என்ற எதிர்பார்ப்பை இது தொடக்கத்திலேயே உடைத்துவிட்டது. ஆனாலும் அவர்கள் திட்டத்தைக் கைவிடவில்லை. தொடக்கத்தில் தடுமாறியவர்கள் நாளடைவில் பெந்தமின் கையெழுத்தில் தேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய படிகளில் திருத்த வேண்டியது குறைந்துகொண்டே போயிற்று. கூட்டம் என்று நாம் சொல்வது உண்மையில் நிறுவனம் பொறுமையாகப் பழக்கி எடுத்த ஒரு சிறு வட்டம். ஆறு மாதக் கணக்கில் நஷ்டமாகத் தெரிந்தது, பல ஆண்டுக் கணக்கில் ஒரு தேர்ச்சியை உருவாக்கியது. அந்தப் பல ஆண்டுகளைத் தாங்கும் சக்தி ஒரு பல்கலைக்கழகத்துக்கு இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அடுத்தது பராமரிப்பு. ஆஸ்திரேலிய தேசிய நூலகம் 2008இல் தன் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் ஏற்றியபோது, கணினி படித்த எழுத்தில் இருந்த பிழைகளை வாசகர்களே திருத்த வழி செய்தது. ஒரு பக்கம் அச்சுப் பக்கத்தின் படம், இன்னொரு பக்கம் கணினி தந்த எழுத்து. பிழையைப் பார்த்தவர் அங்கேயே திருத்தலாம், பெயரைப் பதிவு செய்யவும் தேவையில்லை. குடும்ப வரலாறு தேடி வந்தவர்கள் தாத்தாவின் திருமணச் செய்தியில் தொடங்கி, பக்கத்துப் பத்தி, அடுத்த நாள் பத்திரிகை என்று திருத்திக்கொண்டே போனார்கள். இன்று திருத்தப்பட்ட வரிகள் பல கோடி. ட்ரோவ் என்று அழைக்கப்படும் அந்தத் தொகுப்பைத்தான் உலகம் முழுவதும் உதாரணமாகக் காட்டுகிறார்கள். அதற்கும் ஆபத்து வந்தது. நிதி ஒதுக்கீடு 2023 ஜூனோடு முடிவதால் ட்ரோவை மூட வேண்டியிருக்கலாம் என்று நூலகம் அறிவித்தது. கோடிக்கணக்கான வரிகளைத் திருத்திய தன்னார்வலர்களால் சர்வர் செலவை ஏற்கவோ பணியாளர் சம்பளத்தைக் கொடுக்கவோ முடியாது. அவர்களால் முடிந்தது குரல் கொடுப்பது, அதைச் செய்தார்கள். 2023 ஏப்ரலில் ஆஸ்திரேலிய அரசு நான்கு ஆண்டுகளுக்கு 3.3 கோடி டாலர் ஒதுக்கியது. தன்னார்வலர் உழைப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் ஒரு வரியை நம்பி நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்த உழைப்பு கூடக்கூட அதைக் காப்பாற்றும் செலவும் கூடும். இலவசமாக வந்தது என்பதற்காகச் சேமிப்புக் கிடங்கு இலவசமாகக் கிடைக்காது.

தமிழில் இந்த முயற்சி மேலே பார்த்த இரண்டு திட்டங்களுக்கும் முந்தியது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் சிதறியிருந்த தமிழர்களைக் கொண்டு இலக்கியங்களைத் தட்டச்சு செய்து மின்னுரையாக வெளியிட்டது. ஒருவர் தட்டச்சு செய்ய, இன்னொருவர் மெய்ப்புப் பார்க்க, ஒருங்கிணைப்பாளர் தொகுத்து வெளியிடுவார். திருக்குறளில் தொடங்கிய அந்த வரிசையில் இன்று நூற்றுக்கணக்கான நூல்கள் உள்ளன. அன்று தமிழுக்கு ஒரே எழுத்துருக் குறியீடு கிடையாது. ஆளுக்கோர் எழுத்துரு, ஒன்றில் அடித்தது மற்றொன்றில் கட்டங்கட்டமாகத் தெரியும். பின்னர் திஸ்கி என்ற பொதுக் குறியீடு வந்தது, அதற்குப் பின் யூனிகோட் வந்தது. ஒவ்வொரு முறையும் ஏற்கெனவே வெளியிட்ட நூல்களை மாற்றி ஏற்ற வேண்டியிருந்தது. உள்ளே போனால் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் மின்னுரையின் தலைப்பிலேயே நன்றியோடு இருக்கும். ஆனால் எழுத்துரு மாற்றங்களைக் கடந்து அந்த நூல்களைக் கொண்டுவந்து சேர்த்த சலிப்பான வேலைக்குத் தனியே ஒரு பெயர் கிடையாது. ஒரு சிலர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்குக் கொடுத்ததால் அது நடந்தது. ஒரு தனிமனிதரின் உறுதி நிறுவனத்தின் வேலையைச் செய்துவிட்டது என்று இதைப் பெருமையாகச் சொல்லலாம். எத்தனை திட்டங்களுக்கு அப்படி ஒருவர் கிடைப்பார் என்பதும் அதே மூச்சில் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்வி, விக்கிமீடியாவின் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் வெளிப்படையாகவே தெரிகிறது. எழுத்தாளர்களின் நூல்களை அரசு விலை கொடுத்து வாங்கிப் பொதுவுடைமை ஆக்கும் மரபு, 1949இல் பாரதியார் நூல்களோடு தமிழ்நாட்டில் தொடங்கியது. அப்படி நாட்டுடைமை ஆன நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் வருடி (ஸ்கேன் செய்து) வைத்திருந்தது. 2010களின் நடுவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த நூல்கள் விக்கிமீடியாவுக்கு வந்தன. கணினி வழி எழுத்துணரியைக் கொண்டு அவற்றின் இலட்சக்கணக்கான பக்கங்கள் எழுத்தாக மாற்றப்பட்டன. அதன் பிறகுதான் மனித வேலை தொடங்குகிறது. ஒரு பக்கத்தைத் திறந்தால் ஒருபுறம் நூலின் படம், மறுபுறம் கணினி தந்த எழுத்து. 'கால்' வர வேண்டிய இடத்தில் 'ர' விழுந்திருக்கும், ஒற்று தொலைந்திருக்கும், அடிக்குறிப்பு பத்தியின் நடுவே ஏறியிருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூலாக இருந்தால், யானைத் துதிக்கை போன்ற பழைய ஐகாரக் குறியைக் கணினி வேறெதுவாகவோ படித்திருக்கும். திருத்தப்படாத பக்கத்துக்கு நிறம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்து முடித்தால் மஞ்சள். அதை இரண்டாமவர் மீண்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது, மென்பொருளே விடாது. தைத்தவர் தன் பீஸைத் தானே செக்கிங் செய்து அனுப்பக் கூடாது என்று பனியன் கம்பெனியில் இருக்கும் அதே விதி. விதி நன்றாக இருக்கிறது. ஆனால் ஆண்டுகள் பல கடந்தும் சிவப்புப் பக்கங்கள் குவிந்து கிடக்கின்றன. வருடுவதற்கும் உரிமை வாங்குவதற்கும் அரசுப் பணம் இருந்தது, எழுத்தாக்க ஒரு நிரல் இருந்தது. மெய்ப்புப் பார்க்கத் தன்னார்வலர் சிலர் இருந்தார்கள். பணம் இருந்த கட்டங்கள் ஒரே மூச்சில் முடிந்தன. பணம் இல்லாத கட்டம் ஆளின் ஓய்வு நேரத்தைப் பொறுத்து நகர்கிறது.

ஈழத்து நூலகம் திட்டம் இதற்கு மாறான வழியைக் காட்டுகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. எரிந்ததை மீட்க முடியாது; இருப்பதையாவது பல இடங்களில் பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் 2005இல் சில இளைஞர்கள் இணையத்தில் நூல்களை ஏற்றத் தொடங்கினார்கள். முதலில் அது முழுக்கத் தன்னார்வப் பணி. பிறகு நூலக நிறுவனம் என்று பதிவு பெற்றது. புலம்பெயர்ந்த தமிழர்களின் நன்கொடையைக் கொண்டு வருடும் வேலைக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்தது. நூல், சஞ்சிகை, சிறுபிரசுரம் என்று தொடங்கி வாய்மொழி வரலாறு, புகைப்படம் வரை சேகரிப்பு விரிந்தது. தன்னார்வலர்கள் தாங்கள் நல்கிய உழைப்பின் பலன் நிலைக்க வேண்டுமானால் தாங்களே ஒரு நிறுவனமாக மாற வேண்டும் என்று கண்டுகொண்டார்கள். ஆர்வத்தால் தொடங்கிய வேலை, கணக்கெழுதி, தணிக்கை செய்து, மாதச் சம்பளம் போடும் வேலையாக மாறியதில் இழிவு ஒன்றுமில்லை. தொடர்ந்து நடப்பதற்கு அதுதான் விலை.

இந்தப் பின்னணியில் திருப்பூரைப் பார்ப்போம். பழமையைத் தேடும் ஆர்வலர்களுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1980கள் முதல் நடந்த அகழாய்வுகள் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளையும் மணிகள் செய்த பட்டறைகளையும் வெளிக்கொணர்ந்தன. திருப்பூரில் இயங்கும் வீரராசேந்திரன் தொல்லியல் மற்றும் வரலாற்று ஆய்வு மையத்தினர் வயல்வெளிகளில் கிடக்கும் நடுகற்களையும் கல்வெட்டுகளையும் தேடிக் கண்டறிந்து வருகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய மணிப் பட்டறையை மரபு என்று ஏற்கும் ஊர், ஐம்பது ஆண்டுக்கு முந்தைய பனியன் பட்டறையை மரபு என்று நினைப்பதில்லை. 1932 ஜனவரியில் கொடி காத்து உயிர்விட்ட குமரனுக்கு நினைவகம் உண்டு. அவர் காலத்தில் இந்த ஊர் கதருக்குப் பேர்போன சந்தையாக இருந்ததையும், கதர் நூற்பை வளர்த்த சர்க்கா சங்கம் இங்கே நடந்த விதத்தையும் அறிய, அதில் முன்னின்ற கோவை அய்யாமுத்துவின் தன்வரலாறு போன்ற சில நூல்களையே நம்பியிருக்கிறோம். கதரிலிருந்து பனியனுக்கு மாறியது, 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் நடந்த வேலைநிறுத்தம், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது என்று ஒவ்வொரு திருப்பமும் காகிதத்தை உண்டாக்கியது. தொழிற்சங்கத் துண்டறிக்கை, முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட கூலி ஒப்பந்தம், வாரச் சம்பளச் சீட்டு, பீஸ் ரேட் கணக்குநோட்டு, உள்நாட்டு பனியன் பெட்டியின் லேபிள், ஸ்டுடியோவில் எடுத்த கம்பெனி ஆண்டு விழாப் படம். இவை பீரோவிலும் பரணிலும் கிடந்து, வீடு மாறும்போது பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. அரசு ஆவணங்களிலும் சிக்கல் உண்டு. மாவட்டம் உருவானதே 2009இல். அதற்கு முந்தைய காகிதத்தைக் கோவையிலும் ஈரோட்டிலும் தேட வேண்டும்.

இந்த வரலாறு எழுதப்படாமல் இல்லை. ஷரத் சாரி 2004இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வு நூல், தொழிலாளியாக நுழைந்து முதலாளியான கொங்கு வேளாளர்களின் கதையை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதியது. எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை', சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' ஆகிய நாவல்கள் பனியன் கம்பெனியின் உள்வாழ்வையும் நொய்யலில் ஓடிய சாயத்தையும் பதிவு செய்தன. ஆனால் ஓர் ஆய்வு நூலும் இரண்டு நாவல்களும் ஒரு காப்பகத்தின் வேலையைச் செய்துவிடாது. அடுத்து எழுத வருபவர் அதே தரவைத் தானே போய்ச் சோதிக்க முடிய வேண்டும். அந்தத் தரவைப் படித்துச் சொல்ல இங்கே ஆள் தேவை என்பதுதான் தன்னார்வலர் பேச்சை இந்த ஊருக்குப் பொருத்தமாக்குகிறது. 1980களில் எடுத்த ஒரு பட்டறைப் புகைப்படம் காப்பகத்துக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். வரலாறு படித்த பட்டியலாளர் 'தையல் இயந்திரங்கள், பெண்கள்' என்று எழுதி முடிப்பார். அந்த வேலை செய்தவர் பார்த்தால், முன்வரிசையில் இருப்பது ஓவர்லாக், ஓரத்தில் இருப்பது பேட்லாக், பின்னால் நின்றிருக்கும் சிறுமி தைப்பவருக்கு உதவியாளான கைமடிக்கு வந்தவள், மேசை போட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் இது கம்பெனி ஆள் அல்ல காண்ட்ராக்ட், என்று ஒரு நிமிடத்தில் சொல்வார். முதல் குறிப்பு படத்தைக் கண்டுபிடிக்க உதவும். இரண்டாவது குறிப்பு அதிலிருந்து குழந்தை உழைப்பையும் ஒப்பந்த முறையையும் ஆராய வழி திறக்கும். பட்டம் பெற்றவருக்குத் தெரியாததும் டெய்லருக்குத் தெரிந்ததும் ஆன இந்த அறிவுதான் கூட்டுழைப்புக்கு உண்மையான காரணம். செலவு மிச்சம் என்பது அதற்குப் பக்கத்தில் கூட நிற்காது. ஓவர்லாக் ஓட்டிய முதல் தலைமுறை இன்று அறுபது வயதைத் தாண்டிவிட்டது. இந்த அறிவைக் கேட்டு வாங்க இருக்கும் காலம் குறைவு.

பயிற்சி இல்லாதவர்கள் சொல்வதை எப்படி நம்புவது என்பது முதல் மறுப்பு. நினைவு தவறும், ஆண்டு மாறும், தன் கம்பெனியைப் பெரிதாகச் சொல்லும் ஆசை வரும். இந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் அது தன்னார்வலரை ஒதுக்குவதற்கான காரணம் ஆகாது, சரிபார்ப்புக்குச் செலவழிப்பதற்கான காரணம். மேலே பார்த்த திட்டங்கள் ஒவ்வொன்றும் தவறு வரும் என்று எதிர்பார்த்தே கட்டப்பட்டவை. ட்ரோவில் எந்தத் திருத்தம் செய்தாலும் மூலப் படம் பக்கத்திலேயே இருக்கும், யார் எதை மாற்றினார் என்ற வரலாறும் இருக்கும். விக்கிமூலத்தில் இரண்டாவது ஆள் பார்க்காமல் பச்சை விழாது. நினைவிலிருந்து சொல்வதற்கும் இதே ஒழுங்கு பொருந்தும். குணீத்தா சிங் பல்லா தொடங்கிய பிரிவினை ஆவணக் காப்பகம், 1947ஐக் கண்டவர்களிடம் நேர்காணல் எடுக்கப் பொதுமக்களுக்கே பயிற்சி கொடுத்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வாய்மொழிகளைச் சேர்த்தது. யாரிடம், எந்த நாளில், எந்த ஊரில், யார் கேட்டார் என்பது ஒவ்வொன்றிலும் பதிவாகியிருப்பதால், ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு வைத்துப் பார்க்க முடிகிறது. முரண்பாடு வந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டு குறிப்பெழுதுவது காப்பகத்தின் வேலை. 127 நாள் வேலைநிறுத்தத்தைப் பற்றி கம்பெனி முதலாளி சொல்வதும் சங்கத் தோழர் சொல்வதும் ஒன்றாக இருக்கப்போவதில்லை. அந்த வேறுபாடே ஆய்வாளருக்குச் சான்று.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது. பீஸ் ரேட்டுக்கு ஒன்றரை ஷிப்டு ஓட்டும் தொழிலாளியிடம் போய், ஊதியமில்லாமல் ஓர் ஆவணத்துக்குக் குறிப்பெழுது என்று கேட்பது என்ன நியாயம்? காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு வெளியே வருபவருக்கு ஓய்வே கிடையாது. ஓய்வுள்ளவர்கள் மட்டும் எழுதினால், ஊரின் வரலாறு ஓய்வுள்ளவர்களின் வரலாறாகவே முடியும். இந்த மறுப்புக்கு முழுப் பதில் கிடையாது. பாதிப் பதில்தான் உண்டு. ஆவணப் பணியில் எந்த வேலை யாரால் மட்டும் முடியும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வருடுவது, பட்டியலிடுவது, மெய்ப்புப் பார்ப்பது போன்ற தொடர்ந்த வேலைகளுக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். இவற்றைத் தன்னார்வலர் தலையில் கட்டும் திட்டம் காலப்போக்கில் தேங்கும் என்பதை விக்கிமூலத்தின் சிவப்புப் பக்கங்கள் காட்டுகின்றன. தொழிலாளியிடம் கேட்க வேண்டியது அவரிடம் மட்டுமே இருக்கும் அறிவை. அதைக் கேட்கும் நாளுக்கு அவரது ஒரு நாள் கூலியைக் கொடுப்பதில் தயக்கம் தேவையில்லை. தொழிற்சங்க அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை படங்களைத் திரையில் போட்டு நான்கு பேர் பேசுவதைப் பதிவு செய்தால், அவருக்குக் கணினி தேவையில்லை, தட்டச்சும் தேவையில்லை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து இன்று இந்தத் தொழிலைத் தாங்கி நிற்பவர்களிடம் ஒடியாவிலும் இந்தியிலும் கேட்க வேண்டியிருக்கும். அதற்கு மொழி தெரிந்த ஆள் வேண்டும், அதற்கும் செலவு. மீதமிருக்கும் வேலைகளைக் கல்லூரி மாணவர்களும் ஓய்வு பெற்றவர்களும் விரும்பிச் செய்யட்டும். தங்கள் பெயர் அந்தப் பக்கத்தில் இருக்கும் என்பதே அவர்களுக்குப் போதுமான ஊக்கம் என்று மதுரைத் திட்டம் சொல்கிறது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு இந்த மனித உழைப்பெல்லாம் எதற்கு என்பது மூன்றாவது மறுப்பு. கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள்கள் இன்று வியப்பளிக்கும் அளவுக்கு முன்னேறியிருக்கின்றன. ஆனால் அவை எதைப் பார்த்துக் கற்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் கையெழுத்துணரி உருவாக்கிய ஆய்வுகளுக்குப் பயிற்சித் தரவாகப் பயன்பட்டவற்றில் பெந்தம் தன்னார்வலர்கள் படியெடுத்த தாள்களும் அடக்கம். அச்சுத் தமிழைப் பிழையின்றிப் படிக்கும் கருவி வேண்டுமானால், மனிதர் திருத்திய தமிழ்ப் பக்கங்கள் வேண்டும். கணக்குநோட்டில் ஒரு மேஸ்திரி தமிழும் ஆங்கிலமும் தன் சொந்தச் சுருக்கெழுத்தும் கலந்து கிறுக்கி வைத்ததைப் படிக்க, முதலில் சில நூறு பக்கங்களையாவது அந்தச் சுருக்கம் தெரிந்தவர் படித்துக் காட்ட வேண்டும். புகைப்படத்தில் இருப்பது ஓவர்லாக் என்று மென்பொருள் நாளை கண்டுபிடிக்கலாம். அந்தச் சிறுமி கைமடிக்கு வந்தவள் என்பதை அதற்குச் சொல்ல யாராவது வேண்டும். இயந்திரம் மனித வேலையின் அளவைக் குறைக்கும். அதன் தொடக்கத்தில் இருக்கும் சாட்சியத்தை உற்பத்தி செய்யாது.

நான்காவது மறுப்பு எதிர்ப்புறத்திலிருந்து வரும். இந்தக் காகிதங்களில் உயிரோடு இருப்பவர்களின் பெயரும் கூலியும் சாதியும் இருக்கின்றன. சாயக்கழிவு வழக்கில் யார் எந்தப் பக்கம் நின்றார் என்பதும் இருக்கிறது. இணையத்தில் ஏற்றிவிட்டுப் பொதுமக்களைக் குறிப்பெழுதச் சொன்னால் பழைய பகை புதிதாகத் திறக்கும். கம்பெனிகளும் தங்கள் கணக்குப் புத்தகத்தைக் கொடுக்கத் தயங்கும். இதற்காகத்தான் உரிமை, அணுக்கம் என்ற முடிவுகளைத் தன்னார்வலரிடம் விடக் கூடாது. எது உடனே திறக்கும், எது முப்பது ஆண்டு மூடியிருக்கும், எந்தப் பெயர் மறைக்கப்படும் என்று எழுத்துபூர்வமான விதி வேண்டும்; கொடுத்தவர் கேட்டால் காட்ட வேண்டிய ஒப்பந்தம் வேண்டும். நாட்டுடைமை நூல்களில் அரசு பணம் கொடுத்து உரிமையைத் தீர்த்து வைத்ததால்தான் விக்கிமூலத்தில் ஒருவர் தயக்கமின்றி உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்க முடிகிறது. அந்த நிம்மதி திருப்பூர்த் தன்னார்வலருக்கும் வேண்டும்.

ஆக, திருப்பூருக்கு முதலில் தேவைப்படுவது ஒரு செயலியோ இணையத்தளமோ அல்ல, மூலம், உரிமை, சரிபார்ப்பு, பராமரிப்பு என்ற நான்கு பொறுப்புகளையும் ஏற்கும் ஓர் இடம். அதற்கான அடித்தளம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியையும் தமிழ்நாட்டு மக்கள் கட்டி வருகிறார்கள்; திருப்பூரின் கம்பெனிக் கட்டடங்களும் அதில் அடக்கம். மாவட்ட மைய நூலகத்தில் தொழில் ஆவணங்களுக்கென்று ஒரு பிரிவைத் திறந்து, பயிற்சி பெற்ற காப்பாளர் ஒருவரையும் வருடும் பணிக்கு இருவரையும் சம்பளத்துக்கு வைப்பது நூலகத் துறையால் இயலாத காரியம் அல்ல. சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரி மாணவர்களுக்கு இதில் களப்பணி உண்டு. புத்தகத் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் ஆண்டுதோறும் ஓர் அரங்கு போட்டு வீட்டிலிருக்கும் படங்களைக் கொண்டுவரச் சொல்லி, அங்கேயே வருடி மூலத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். 1990இல் உருவான ஏற்றுமதியாளர் சங்கமும், கூலி ஒப்பந்தங்களில் எதிரெதிரே உட்கார்ந்து கையெழுத்திட்ட தொழிற்சங்கங்களும் தத்தம் பிரதியைக் கொடுத்தால், ஒரே ஒப்பந்தத்தின் இரு பக்கக் குறிப்புகளும் ஒரே பெட்டியில் சேரும். ஆள் திரட்டும் அழைப்பை இவற்றுக்குப் பின்னால் வைக்க வேண்டும். முன்னால் வைத்தால், ஆர்வத்தோடு வந்தவர்கள் கொடுத்த காகிதமும் சொன்ன சொல்லும் எங்கோ ஒரு கணினியில் தங்கி, அதை வைத்திருந்தவர் வேலை மாறிப் போகும்போது அவரோடு போய்விடும். செலவின்றி வரலாற்றைச் சேகரிக்கலாம் என்ற ஆசையைக் கைவிட்டு, காப்பாளர் ஒருவரின் சம்பளத்தை வரவு செலவுத் திட்டத்தில் எழுதும் ஊருக்குத்தான் தன்னார்வலர்களின் உழைப்பைக் கேட்கும் தகுதி வரும்.